இளம் எலுமிச்சையும் வளர்ச்சி ஊக்கியும்: ஒரு சரித்திரம்



எலுமிச்சைக் கன்று வைத்திருப்பவர்கள் மருந்துக் கடைக்குப் போனால், இன்றைக்கு மூன்று விதமான புட்டிகளைக் காட்டுகிறார்கள். செடியைச் சீக்கிரம் உயர்த்த ஒன்று, உயராமல் குட்டையாக நிறுத்த ஒன்று, பூவும் பிஞ்சும் கொட்டாமல் பிடித்து வைக்க ஒன்று. மூன்றுக்கும் பொதுவாக வளர்ச்சி ஊக்கி என்றே பெயர் சொல்கிறார்கள். குட்டையாக்குகிற மருந்துக்கும் ஏன் ஊக்கி என்று பெயர் என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். இந்த மருந்துகள் எங்கே பிறந்தன, எலுமிச்சைக் குடும்பத்துக்குள் எப்படி நுழைந்தன என்ற கதை தெரிந்தால், எந்தப் புட்டியை எந்த வயசுச் செடிக்குத் தொடலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அதனால் அளவு, கணக்கு எல்லாம் பிறகு. கதையை முதலில் சொல்கிறேன்.

ஓரிக்கை விவசாயிகளை மனசில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றுக்கு வடகரையில் இருக்கிற ஊர். திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது, பெருமாளும் கூடவே வந்து ஓர் இரவு தங்கியதால் ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை ஆயிற்று என்று சொல்லுவார்கள். தறிச் சத்தம் கேட்கிற தெருவும் நெல் வயலும் அங்கே அடுத்தடுத்து இருக்கும். தறி நெய்கிற வீடுகளில் புழக்கடையில் ஒரு எலுமிச்சை மரம் நிற்பதுண்டு. சிலர் கிணற்றடி நிலத்தில் கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறார்கள். அப்படி ஒருவர், அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் எழுபது கன்று வைத்திருப்பவர், என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "வேரடியில ஊத்துற மருந்து ஒண்ணு இருக்காம் சார். ஊத்தினா செடி குட்டையா நின்னு இந்த ஆடிக்கே காய் பிடிச்சிடுமாம். ஊத்தட்டுமா?" என்றார். செடிக்கு வயசு இரண்டு. ஆடி மாசம் அம்மன் கோயில்களுக்கு எலுமிச்சை எவ்வளவு போகும் என்பது உங்களுக்கே தெரியும். தறிக் கூலி மட்டுப்பட்ட வீட்டில் அந்தக் காசு பெரிய காசு. அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

சரி, கதைக்கு வருவோம். செடியின் வளர்ச்சியை அடக்கி ஆளுகிற பொருள் செடிக்குள்ளேயே இருக்கிறது என்ற சந்தேகம், முதன்முதலில் நாற்றுகளைப் பார்த்துத்தான் வந்தது. பரிணாமத்துக்குப் பேர்போன சார்லஸ் டார்வின், தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து, செடிகளின் அசைவைப் பற்றி 1880-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கானரிப் புல்லின் முளை வெளிச்சம் இருக்கிற பக்கம் வளைகிறது. அதன் நுனியை மட்டும் சின்ன மூடி போட்டு மறைத்தால் வளைவதில்லை. வளைவது நுனிக்குக் கீழே, ஆனால் உத்தரவு கொடுப்பது நுனி! அந்த உத்தரவு என்ன சரக்கு என்று பிடித்துக் காட்டியவர் ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் நகரத்து வெண்ட். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டிக் கடற்பாசிக் கூழின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்தக் கூழை வெட்டின முளையின் மேல் வைத்தார். முளை வளர்ந்தது. இது நடந்தது 1926 முதல் 1928-க்குள். அந்தப் பொருளுக்கு ஆக்ஸின் என்று பெயர் வந்தது.

இதில் நமக்கு என்ன? இருக்கிறது. 1933-ல் திமன், ஸ்கூக் என்ற இருவர், ஒரு வகை அவரைச் செடியில் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்ஸினை வைத்துப் பார்த்தார்கள். கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்க வேண்டும் அல்லவா? வெடிக்கவில்லை. அதாவது நுனியிலிருந்து கீழே இறங்குகிற ஆக்ஸின்தான் பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. நம்மவர்கள் பருத்தியிலும் செண்டுமல்லியிலும் கொழுந்து கிள்ளுகிறார்களே, அதன் சூட்சுமம் இதுதான். விரல் நகத்தால் செய்கிற வேலையும் ஒரு ஹார்மோன் வைத்தியமே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது மருந்தின் பிறப்பு நெல் வயலில். நாற்றங்காலில் சில நாற்று மட்டும் மற்றதைவிட ஒரு முழம் உயர்ந்து, வெளிறி, ஒல்லியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நட்டால் பெரும்பாலும் செத்துப் போகும், தப்பினாலும் கதிர் பதராகும். ஜப்பானியர் இதற்கு "முட்டாள் நாற்று" என்ற அர்த்தத்தில் பக்கானே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது ஜப்பானியர் ஆட்சியில் இருந்த பார்மோசாத் தீவில், குரோசாவா என்பவர் 1926-ல் ஒன்றைக் காட்டினார். நோய்க்குக் காரணமான பூசணத்தை வளர்த்து, அந்தச் சாற்றை வடிகட்டி, பூசணமே இல்லாத அந்தத் தண்ணீரை நல்ல நாற்றுக்கு விட்டாலும் அது முட்டாள் நாற்றாகவே உயர்கிறது. ஆக உயர்த்துவது பூசணம் அல்ல, பூசணம் கக்குகிற ஒரு பொருள். யபுதா என்ற விஞ்ஞானி 1935-ல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார், 1938-ல் படிகமாகவும் பிரித்தெடுத்தார்கள். நடுவில் யுத்தம் வந்ததால் மேல்நாட்டார் இதைக் கையில் எடுத்தது 1950-களில்தான். செடிகள் தாங்களே ஜிப்ரலினைத் தயாரித்துக்கொள்கின்றன என்பதும் அதற்கப்புறம் தெரிந்தது.

மூன்றாவது, எத்திலீன் வாயு. 1901-ல் ரஷ்யாவில், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நெல்ஜுபோவ் என்ற மாணவர் பட்டாணி முளைகளை வளர்த்தபோது, ஆய்வுக்கூடத்துக்குள் வளர்ந்த முளைகள் குட்டையாகி, தடித்து, படுக்கை வாட்டில் போயின. விளக்கு எரிக்கிற வாயுவிலிருந்த எத்திலீன்தான் அதற்குக் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார்.

ஆக, கானரிப் புல், ஓட்ஸ், நெல், பட்டாணி. எல்லாமே இளம் நாற்று. ஆனால் எலுமிச்சைக் குடும்பத்துக்குள் இந்த மருந்துகள் நுழைந்தபோது இளங்கன்று வழியாக நுழையவில்லை, காய் வழியாகத்தான் நுழைந்தன. இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

கலிபோர்னியாவில் பச்சையாகப் பறித்த எலுமிச்சையை மஞ்சளாக்க, அறையில் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைப்பார்கள். சூட்டினால்தான் நிறம் வருகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1912-ல் சீவர்ஸ், ட்ரூ என்ற இரு அரசாங்க விஞ்ஞானிகள், சூடு காரணம் அல்ல, அடுப்பிலிருந்து வருகிற வாயுதான் என்று சொன்னார்கள். 1924-ல் டென்னி அது எத்திலீன் என்று நிச்சயப்படுத்தினார். நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தவர்கள் செய்ததும் அதே காரியம்தான். பெயர் தெரியாமல் செய்தார்கள், அவ்வளவே.

அடுத்தது 2,4-டி. நெல் வயலில் களைக்கு அடிக்கிற அதே 2,4-டிதான். ஆக்ஸின் மாதிரி வேலை செய்கிற பொருள் என்று 1942-ல் வெளியே வந்தது. அகல இலைக் களைகளைக் கொல்லும் என்று 1944-ல் தெரிந்தது. ரிவர்சைடு நகரத்தில் எலுமிச்சை, ஆரஞ்சுக்கென்றே 1907-ல் தொடங்கின ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே 1940-களின் பிற்பகுதியில், இதே 2,4-டியைத் துளி அளவு தெளித்தால் இலையும் காயும் கொட்டுவது குறைகிறது என்று கண்டார்கள். களைக்கு எமன், ஆரஞ்சுக் காம்புக்குக் காவல்காரன். பொருள் ஒன்றுதான், அளவு வேறே. (பின்னால் வியட்நாம் யுத்தத்தில் காடுகளை அழிக்கத் தெளித்த கலவையில் பாதி இந்த 2,4-டிதான்.)

அந்த அளவு வித்தியாசத்தை நம் ஊர்க் கணக்கில் பார்த்துவிடலாம். நட்ட நெல்லில் மூன்றாம் வாரம் 2,4-டி சோடியம் உப்பு லிட்டருக்கு 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் அடிக்கிறோம். எலுமிச்சையில் பூக்கும் சமயத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 20 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம். நூறு மடங்கு! காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் பிஞ்சு நிற்க 2,4-டி அதே 20 பி.பி.எம்., இல்லையென்றால் என்.ஏ.ஏ. 30 பி.பி.எம். என்கிறது. என்.ஏ.ஏ. என்பது பருத்திக்கும் மிளகாய்க்கும் நீங்கள் வாங்குகிற பிளானோபிக்ஸ்தான். அது 4.5 சதவீத மருந்து, ஆகையால் 10 லிட்டர் தண்ணீருக்கு 7 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். சிபாரிசில் பூ, கோலிக்குண்டு என்றுதான் வார்த்தை வருகிறது. காய்க்கிற மரத்துக்குச் சொன்ன சிபாரிசு அது. இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்கிற கன்றுக்கு 2,4-டி பட்டால் தளிர் ஒடுங்கிச் சுருண்டு போகும்.

இப்போது குட்டை மருந்துக்கு வருகிறேன். இதுதான் ஓரிக்கைக்காரர் கேட்டது.

ஜிப்ரலின் செடியை நீட்டுகிறது என்றால், செடி தன் ஜிப்ரலினைத் தயாரிக்க விடாமல் தடுத்தால் அது நீளாது. இந்தத் தர்க்கத்தில் பிறந்தவைதான் வளர்ச்சித் தடை மருந்துகள். சைக்கோசெல் என்கிறோமே, அதன் குணத்தை 1960-ல் அமெரிக்காவில் டோல்பர்ட் என்பவர் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி தயாரித்த பேக்ளோபுட்ரசால், 1980-களில் பழமரங்களுக்கு வந்தது. மாமரத்துக்கு வேரடியில் ஊற்றுகிறார்களே, அதுதான். எலுமிச்சையைப் பொறுத்தவரை முக்கியமான வருஷம் 1964. இஸ்ரேல் தேசத்தில் மான்செலிஸ், ஹாலெவி என்ற இருவரும் எலுமிச்சை இனங்களில் ஜிப்ரலின் தெளித்தால் பூமொட்டு உருவாவது தடைப்படுகிறது, தடை மருந்து கொடுத்தால் பூ அதிகமாகிறது என்று காட்டினார்கள். செடிக்குள் ஜிப்ரலின் ஓங்கியிருந்தால் இலை, கிளை. அது தாழ்ந்தால் பூ. தராசு மாதிரி.

நம் தேசத்து விவசாயி இந்தத் தராசை மருந்தில்லாமலே ஆட்டி வந்திருக்கிறான். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் தண்ணீரை நிறுத்தி, மேல் மண்ணை விலக்கி வேரைக் காயவிட்டு, இலை வாடி உதிரும் பக்குவம் பார்த்து, எருப் போட்டு மண் அணைத்துத் தண்ணீர் விடுவார்கள். தோப்பு முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும். பாலாறு ஓடுகிற நம் வட ஆற்காட்டுப் பக்கமும் இந்தக் குடும்பத்துப் பழத்துக்குப் பழைய பூமிதான். பேரணாம்பட்டுக்குப் பக்கத்துச் சாத்கரின் பெயரிலிருந்துதான் சாத்துக்குடி என்ற பெயரே வந்ததாகச் சொல்வார்கள்.

மருந்து யுகத்தில் இதே வாட்டுகிற வேலையைப் புட்டியிலிருந்து செய்யலாம் என்று நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் எலுமிச்சைக்கு ஒரு முறை வகுத்தன. ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் 50 பி.பி.எம். தெளித்து அப்போது வருகிற பூவை அடக்குவது. செப்டம்பரில் சைக்கோசெல் 1000 பி.பி.எம். தெளித்து வளர்ச்சியை நிறுத்துவது. அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதம் தெளித்துப் பூவை வெடிக்க வைப்பது. காய் கோடையில் வரும். கோடையில் எலுமிச்சை விற்கிற விலையை ராஜாஜி மார்க்கெட்டில் நின்று பார்த்தால் இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று புரியும். 1964-ல் கண்ட தராசு இந்த மூன்று தெளிப்பிலும் அப்படியே இருக்கிறது, பாருங்கள். ஆனால் இது மத்திய இந்தியாவின் மழைக் கணக்குக்கு வகுத்த முறை. நம் காஞ்சிபுரம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் இடிமழை, ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வாட்டம் கொடுக்க வேண்டிய நேரத்தில் வானம் தண்ணீர் விட்டால் மருந்து என்ன செய்யும்? நாலு மரத்தில் பார்த்துவிட்டுத்தான் தோப்புக்குப் போகணும் என்பது என் அபிப்பிராயம்.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். நாகபுரியில் வேரைக் காயவிட்டவனும் சரி, சைக்கோசெல் தெளிக்கச் சொன்ன விஞ்ஞானியும் சரி, கட்டு முடிந்து காய்ப்புக்கு வந்த மரத்தில்தான் கை வைத்தார்கள். இரண்டு வருஷத்துக் கன்றில் அல்ல.

காரணம் இருக்கிறது. எலுமிச்சைக் கன்று முதல் மூன்று, நாலு வருஷம் செய்கிற வேலை, அடிமரத்தைப் பருக்க வைத்து, நாலு திசைக்கும் கிளை விட்டு, வேரைப் பரப்புவது. இருபது வருஷக் காய்ப்பைத் தாங்கப் போகிற சட்டம் அது. தறிக்குக் கால் நடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் பேக்ளோபுட்ரசாலை ஊற்றினால் கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, இலை கொத்துக் கொத்தாக நெருங்கி, செடி குத்துச் செடியாக நின்றுவிடும். பூ வரும், கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. பிஞ்சும் வரும். இருக்கிற கொஞ்ச இலை தயாரிக்கிற சத்தெல்லாம் அந்தப் பிஞ்சுக்குப் போகும், சட்டம் நின்றுபோகும். அதைவிடப் பெரிய விஷயம், இந்த மருந்து மண்ணில் சீக்கிரம் அழிவதில்லை. ஒரு பருவம் தாண்டியும் மண்ணில் இருந்துகொண்டு வேர் வழியாக ஏறும். தெளித்த மருந்தென்றால் புதுத் தளிர் வந்ததும் வேகம் குறையும். ஊற்றின மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஜிப்ரலின் தெளித்து ஓரளவு மீட்கலாம் என்றாலும் அது இன்னொரு செலவு. கன்றுக்கு நடுவே ஊடுபயிராகக் காய்கறி, உளுந்து போடுகிறீர்களே, அந்தப் பயிரும் அதே மண்ணில்தான் வேர் விடுகிறது.

ஆகவே அவரிடம், "இப்ப ஊத்த வேணாம். மரம் கட்டு முடிஞ்சு, கிளை வீசி, ரெண்டு காய்ப்பு பார்த்த பிறகு கேளுங்க, அப்ப பேசலாம்" என்றேன். மொட்டை மாடியில் தொட்டிச் செடி வைத்து அழகுக்கு நாலு காய் பார்க்கிறவர் விஷயம் வேறே. தோப்புக்காரருக்கு அது கணக்காகாது.

வளர்ச்சித் தடை மருந்துகளின் சரித்திரத்தில் ஒரு பாடமும் உண்டு. பி-நைன், அலார் என்ற பெயர்களில் விற்ற டாமினோசைடு என்ற மருந்து, அமெரிக்காவில் ஆப்பிளுக்குப் பல வருஷம் தெளிக்கப்பட்டது. இஸ்ரேலில் எலுமிச்சையில் சோதித்த தடை மருந்துகளில் அதுவும் ஒன்று. உடம்புக்கு ஆகாது, புற்றுநோய் வரலாம் என்ற சர்ச்சை கிளம்பி, 1989-ல் உணவுப் பயிர்களுக்கான விற்பனையை நிறுத்தினார்கள். புட்டியின் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று நாங்கள் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

உயர்த்துகிற மருந்துக்கு நாற்றங்காலில் ஒரு நியாயமான வேலை உண்டு. ஜம்பேரி போன்ற வேர்ச்செடிகளில் மொட்டுக் கட்ட, தண்டு பென்சில் கனம் வரணும். ஜிப்ரலிக் அமிலம் தெளித்து அந்தப் பருவத்தைச் சீக்கிரம் எட்ட வைக்க ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அது பண்ணைக்காரர் வேலை. வாங்குகிற நீங்கள் முட்டாள் நாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கன்றின் உயரத்தைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு கன்றில், அடித்தண்டு கனமாகவும், கணு நெருக்கமாகவும், இலை கரும்பச்சையாகவும் இருப்பதை எடுங்கள். கணு நீண்டு, வெளிறி, குச்சிக்குக் கட்டினால்தான் நிற்கும் என்கிற கன்றை வைத்துவிட்டு வாருங்கள். எலுமிச்சை விதையில் பெரும்பாலும் தாய்க்குணம் மாறாத முளைகளே வரும் என்பதால், நல்ல மரம் பக்கத்தில் இருந்தால் விதைக் கன்றே போதும். மொட்டுக் கட்டியதைவிடக் காய்ப்பு கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அப்படியானால் இளங்கன்றின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தவே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அங்கேதான் முன்னே சொன்ன விரல் நகம் வருகிறது. கன்று நேராக ஒரே குச்சியாகப் போனால் நுனிக் கொழுந்தைக் கிள்ளி விடுங்கள். ஆக்ஸின் இறங்குவது நின்று பக்கக் கிளை வெடிக்கும். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரம் வரைக்கும் அடிமரத்தில் கிளை விடாதீர்கள். அதற்கு மேலே நாலு திசைக்கும் நாலு கிளை நின்றால் போதும். மழை பெய்ததும் அடிமரத்திலிருந்து கொழுகொழுவென்று நிமிர்ந்து வருகிற போத்து இருக்கிறதே, அது சத்தைத் திருடுகிறது. கலிபோர்னியாவில் இந்தப் போத்து வராமல் இருக்க அடிமரத்தில் என்.ஏ.ஏ. கலந்த பூச்சு அடிக்கிறார்கள். அங்கே கூலி அதிகம், தோட்டம் பெரிது. நமக்கு எழுபது கன்று. போத்து விரல் நீளம் இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்துத் தள்ளினால் வடுகூட இல்லாமல் போகும். வாரத்துக்கு ஒரு நாள் காலையில் ஒரு மணி நேர வேலை. மொட்டுக் கட்டிய கன்றென்றால் கட்டுக்குக் கீழே வருவதை ஒன்றுவிடாமல் எடுக்கணும். விட்டால் ஜம்பேரி மரமாகிவிடும், அப்புறம் கோயிலுக்கும் ஆகாது, ஊறுகாய்க்கும் ஆகாது.

முதல் இரண்டு வருஷத்தில் தப்பித்தவறிப் பூத்தால் பிஞ்சைக் கிள்ளிப் போடுங்கள். மனசு கேட்காதுதான். கைப்பிள்ளைக்காரிகள் அதைப் பறிக்க விடமாட்டார்கள் என்றால் ஒரு செடியில் ரெண்டு விட்டு வையுங்கள்.

ஓரிக்கையில் நெல் வயலும் எலுமிச்சையும் ஒரே வரப்பில் இருப்பதால் கடைசியாக ஒன்று. பக்கத்து வயலில் களைக்கு 2,4-டி அடிக்கும்போது காற்று உங்கள் கன்றுப் பக்கம் அடித்தால், சாரல் பட்டுத் தளிர் நீண்டு ஒடுங்கிச் சுருளும். இதைப் பூச்சி என்று நினைத்து மறுபடி மருந்து அடிப்பவர்கள் உண்டு. சுருண்ட இலையை விரித்துப் பாருங்கள். வெள்ளிக் கம்பி மாதிரி வளைந்து வளைந்து கோடு இருந்தால் இலைத்துளைப்பான் புழு. கோடு இல்லாமல் இலையே ஒடுங்கியிருந்தால் களைக்கொல்லிச் சாரலாக இருக்கலாம். அப்படியென்றால் ஒன்றும் அடிக்க வேண்டாம். தண்ணீர் விட்டு அடுத்த தளிருக்குக் காத்திருங்கள். களை மருந்து அடித்த கைத்தெளிப்பானை எத்தனை தரம் கழுவினாலும் எலுமிச்சைக்கு எடுக்காதீர்கள். அதற்குத் தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள், மூடியில் சிவப்புப் பெயிண்டு பூசிவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கும் அடையாளம் தெரியும்.

மருந்தளவில் சந்தேகம் இருந்தால், புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு வாருங்கள்.